செருப்பும் பிறப்பும்: இளையோர்க்கான மறுகூறல்களில் சிண்ட்ரெல்லாவும் முத்துப்பட்டனும்

ஆய்வுச் சுருக்கம்

தேவதைக் கதைகளை இளையோர்க்காக மீண்டும் சொல்லும் தற்கால நூல்கள், பழைய கதைப் பெண்ணுக்குத் துணிவையும் குரலையும் தந்தன என்பது திறனாய்வாளர் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. அக்கருத்தை மறுக்காமல், அந்நூல்கள் 'பிறப்பு' என்னும் கூற்றினை எவ்வாறு கையாளுகின்றன என்ற வேறொரு வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. சிண்ட்ரெல்லாக் கதையும் அதன் மறுகூறல்களும், தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வழங்கும் முத்துப்பட்டன் கதைப்பாடலோடு ஒப்பிடப்படுகின்றன. இரு கதைகளிலும் செருப்பு ஒரு சோதனைக் கருவி. எனினும் சோதிக்கப்படுபவரும் சோதனையின் திசையும் வேறு. புதிய பாடம் பழைய பாடத்தினும் முற்போக்கானது என்னும் எடுகோளை முத்துப்பட்டன் கதையின் பாட வரலாறு ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

திறவுச்சொற்கள்: இளையோர் இலக்கியம், மறுகூறல், சிண்ட்ரெல்லா, முத்துப்பட்டன் கதை, வில்லுப்பாட்டு, பாட வேறுபாடு, சாதி

முன்னுரை

வள்ளியூரில் குன்றைக் குடைந்து அமைந்துள்ள முருகன் கோயில், அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற தலம். ஊரின் பெயரை வள்ளியோடு இணைத்துச் சொல்வது அங்குள்ளோர் வழக்கம். அந்த வள்ளிக்குத் தமிழ் இலக்கியத்தில் இருவகை வரலாறு உண்டு. நற்றிணையின் 82ஆம் பாடலில் அவள் முருகனோடு கூடிச் சென்றவளாக, தலைவிக்கு உவமையாக மட்டும் வருகிறாள். அவள் யாருக்குப் பிறந்தாள் என்பதைச் சொல்ல வேண்டிய தேவை அங்கே எழவில்லை. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலோ அவள் முற்பிறப்பில் திருமாலின் மகள் சுந்தரவல்லி. மான் வயிற்றில் கருவாகி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் பிறந்து, குறவர் தலைவன் நம்பியால் எடுத்து வளர்க்கப்பட்டவள். குறவர் குடியில் வளர்ந்தாள். ஆனால் குறவர்க்குப் பிறந்தவள் அல்லள். முருகன் குறமகளை மணந்தான் என்ற செய்தி அப்படியே இருக்கிறது. அதன் அடியில் மட்டும் வேறொரு பிறப்பு வைக்கப்பட்டுவிட்டது.

தாழ்ந்த நிலையில் காணப்படும் பெண் உண்மையில் உயர்ந்த பிறப்பினள் என்று இறுதியிலோ இடையிலோ வெளிப்படுவது உலகக் கதைகளில் மிகப் பழைய உத்தி. கதைக்கு அது வியப்பைத் தரும். கேட்போர்க்கு நிறைவைத் தரும். கூடவே இன்னொரு வேலையையும் அது சத்தமின்றிச் செய்கிறது. எல்லை மீறிய ஒரு காதலை எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, மீறல் எதுவும் நிகழவில்லை என்று கேட்போர்க்கு உறுதியளிக்கிறது. இளையோர்க்காகப் பழங்கதைகளை எழுதுவோர் இவ்வுத்தியை என்ன செய்கிறார்கள் என்பது தமிழ்ச் சூழலில், குறிப்பாக நெல்லைப் பகுதியில், வெறும் வடிவ வினா அன்று.

சிண்ட்ரெல்லா ஏழைப் பெண்ணா?

ஏழைப் பெண் இளவரசியானாள் என்பதே சிண்ட்ரெல்லாக் கதை பற்றிய பொதுவான நினைவு. மூலங்களைப் படித்தால் அந்த நினைவு பிழையெனத் தெரியும். 1697இல் வெளிவந்த சார்லஸ் பெரோவின் பிரெஞ்சுப் பாடத்தில் அவள் உயர்குடிக் கனவான் ஒருவரின் மகள். கிரிம் உடன்பிறப்பினரின் 1812ஆம் ஆண்டுத் தொகுப்பில் செல்வந்தர் ஒருவரின் மகள். மாற்றாந்தாய் அவளை அடுப்படிக்குத் தள்ளுகிறாள். கதை அவளைப் பழைய நிலைக்கு, அதனினும் ஒரு படி மேலே, மீட்கிறது. ஆகவே இது உயர்வுக் கதை அன்று, மீட்புக் கதை. நிலத்தை இழந்தவர் நிலத்தைத் திரும்பப் பெறுவது வேறு, நிலமே இல்லாதவர் பெறுவது வேறு.

செருப்பின் பணியும் இங்கேதான் விளங்குகிறது. அரண்மனைக்குத் தகுதியுடைய கால் எது என்பதை அது கண்டறிகிறது. கிரிம் பாடத்தில் மாற்றாந்தாயின் பெண்கள் ஒருத்தி கால்விரலையும் மற்றொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொண்டு செருப்புக்குள் நுழைக்கிறார்கள். செருப்பில் குருதி வடிவதைப் பறவைகள் காட்டிக்கொடுக்கின்றன. முயன்று பெற முடியாதது ஒன்று உண்டு, அது உடம்போடு வர வேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது. பெரோ இத்தகைய குருதிக் காட்சி எதுவுமின்றி மென்மையாகக் கதையை முடிக்கிறார். ஆயினும் அவர் இறுதியில் சேர்த்த இரண்டாம் நீதியுரை, அறிவும் துணிவும் நற்பிறப்பும் இருந்தாலும் கைதூக்கிவிடும் ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இல்லையேல் அவை பயன்படா என்று குறும்பாகக் கூறுகிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அவையை அறிந்தவரின் குறும்பு அது. பிற்காலச் சிறுவர் பதிப்புகள் பலவற்றில் அப்பகுதி இல்லை.

ஏ. கே. இராமானுஜன் ஆராய்ந்த கன்னட அஞ்சிக் கதை சிண்ட்ரெல்லா வகையைச் சார்ந்தது. அதில் பெண்ணின் அழகை மறைப்பது மண்ணால் செய்த முகமூடி. அக்கதை திருமணத்தோடு முடிவதுமில்லை. தென்னிந்தியப் பெண்கள் தம்முள் சொல்லிக்கொள்ளும் கதைகளில் துன்பம் திருமணத்திற்குப் பின்னும் தொடர்வதை இராமானுஜன் எடுத்துக்காட்டியுள்ளார். அரண்மனை வாயிலோடு நின்றுவிடும் ஐரோப்பியப் பாடத்தை உலகப் பொதுமையாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு அஞ்சி ஒருத்தியே போதிய சான்று.

தற்கால மறுகூறல்களும் திரும்பி வரும் இளவரசியும்

ஆங்கிலத்தில் இளையோர்க்கென எழுதப்பட்ட சிண்ட்ரெல்லா மறுகூறல்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை. கெயில் கார்சன் லெவீனின் 'எல்லா என்சான்டட்' (1997) நாவலில், சொன்னதைச் செய்தே தீர வேண்டும் என்னும் வரத்தைத் தேவதை ஒருத்தி எல்லாவுக்குப் பிறந்தபோதே தந்துவிடுகிறாள். கீழ்ப்படிதல் பெண்ணின் குணமன்று, அவள்மீது ஏவப்பட்ட சாபம் என்று மாற்றியதே இந்நாவலின் வலிமை. இளவரசனை மணந்துகொள் என்ற கட்டளைக்கு அவள் மறுப்புச் சொல்லும் கணத்தில் சாபம் உடைகிறது. பெரோவின் பெண் ஒருபோதும் சொல்லாத சொல்லை எல்லா சொல்கிறாள். மெலிண்டா லோவின் 'ஆஷ்' (2009) இளவரசனையே ஒதுக்கிவிட்டு, அரசரின் வேட்டைக்காரியாகிய பெண்ணிடம் கதைத்தலைவியைக் கொண்டு சேர்க்கிறது. இவ்விரு நூல்களையும் படித்த பதினைந்து வயதுப் பெண், பழைய கதையை முன்போலவே மீண்டும் படிப்பது அரிது.

மூன்றாவது நூலே இக்கட்டுரைக்கு முதன்மையானது. மரிசா மேயரின் 'சிண்டர்' (2012) எதிர்கால ஆசியப் பேரரசு ஒன்றில், புதிய பெய்ஜிங் நகரில் நிகழ்கிறது. சிண்டர் பாதி மனித உடலும் பாதி எந்திரமுமாக ஆக்கப்பட்டவள். பொறிகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவள். அவளைப் போன்றோர் அந்நாட்டில் இரண்டாந்தரக் குடிகள். கண்ணாடிச் செருப்புக்கு மாறாக இங்கே அளவில் சிறியதாகிப்போன ஓர் உலோகப் பாதம். அரண்மனைப் படிக்கட்டில் கழன்று விழுவது செருப்பன்று, காலே. உழைக்கும் பெண்ணை, அதிலும் உடலாலேயே ஒதுக்கப்பட்ட பெண்ணை, கதையின் நடுவில் நிறுத்திய துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் நாவலின் இறுதியில், அவள் உண்மையில் நிலவுலக அரசின் காணாமற்போன இளவரசி செலீன் என்பது வெளிப்படுகிறது.

நான்கு நூல்களாக நீளும் இவ்வரிசையின் கடைசி நூலில் (2015) அவள் முடியாட்சியை முடித்துக் குடியாட்சிக்கு வழிவிட விரும்புகிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் பிறப்புரிமையை வழிபடுபவர் அல்லர். ஆயினும் அரியணையைத் துறப்பதற்கு முதலில் அது பிறப்பால் அவளுடையதாக இருக்க வேண்டியிருந்தது. பொறிப் பழுது பார்க்கும் பெண், அப்படிப்பட்டவளாகவே இருந்துகொண்டு, ஒரு பேரரசைக் கவிழ்த்திருக்க முடியாதா என்ற வினாவை நாவல் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. அந்நூலின் வேகத்தில் வாசகரும் கேட்க மறந்துபோவர். கந்தபுராண வள்ளிக்கும் இந்த எந்திரப் பெண்ணுக்கும் இடையே உள்ள காலத் தொலைவு பெரிது, உத்தி ஒன்றே.

செருப்புத் தைத்த மணமகன்

இனி, செருப்பு வேறு திசையில் பேசும் கதை ஒன்று. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) பதிப்பித்த கதைப்பாடல்களுள் 'முத்துப்பட்டன் கதை' 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. நெல்லை, குமரி மாவட்டங்களின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாக நெடுங்காலம் பாடப்பட்டுவருவது இக்கதை. வில்லும் குடமும் உடுக்கும் முழங்க, விடிய விடிய நிகழும் அப்பாட்டின் கேட்போர் வரிசையில் சிறுவரும் இளையோரும் எப்போதும் இருந்துள்ளனர். இளையோர் இலக்கியம் என்று தனிவகை ஒன்று தோன்றும் முன்பே, இப்பகுதி இளையோர் காதலையும் சாவையும் சாதியையும் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த இடம் கோயில் முற்றம்.

கதை சுருக்கமாக இது. பிராமணனாகிய முத்துப்பட்டன் தமையன்மாரோடு பிணங்கிக் கொட்டாரக்கரைக்குச் சென்று அங்குப் பணிபுரிகிறான். தமையன்மாரோடு திரும்பும் வழியில், பொதிகைச் சாரலின் காட்டில், பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியர் இருவரின் பாடலைக் கேட்கிறான். அவர்களைக் கண்டு மயங்குகிறான். அவர்கள் சக்கிலியர் குடியைச் சேர்ந்த வாலப்பகடையின் மக்கள். மணம் வேண்டி நிற்கும் பட்டனிடம் வாலப்பகடை நிபந்தனைகள் விதிக்கிறான். குடுமியை அறுக்க வேண்டும். பூணூலைக் களைய வேண்டும். உறவை விட வேண்டும். தோல் தொழில் பழகிச் செருப்புத் தைத்து விற்றுவர வேண்டும். தமையன்மாரின் தடையையும் வன்முறையையும் கடந்து பட்டன் அத்தனையும் செய்கிறான். மணம் முடிகிறது. பின்னர் மாடு கவர வந்தோரோடு பொருது, வஞ்சகமாகக் குத்துண்டு இறக்கிறான். சகோதரியர் இருவரும் அவனோடு தீப்பாய்கின்றனர். காரையாறு சொரிமுத்தையனார் கோயில் வளாகத்தில் பட்டன் பட்டவராயனாக இன்றும் வழிபடப்படுகிறான்.

சிண்ட்ரெல்லாக் கதையில் செருப்பு, பெண்ணின் காலை அளந்து அவள் மேலே வரத் தகுந்தவளா என்று பார்க்கிறது. முத்துப்பட்டன் கதையில் செருப்பு, ஆணின் கையை அளந்து அவன் கீழே வரத் தகுந்தவனா என்று பார்க்கிறது. முன்னதில் செருப்பு ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதைச் செய்த கை யாருடையது என்ற பேச்சே இல்லை, அது மாயத்தால் வந்தது. பின்னதில் செருப்பு என்றால் உழைப்பு. தோலைப் பதப்படுத்தி, வெட்டி, தைத்து, சந்தையில் நின்று விலை கூற வேண்டும். அரசகுமாரன் செருப்பை ஏந்தி வீடு வீடாகச் சென்றதை உலகம் காதல் என்கிறது. பட்டன் செருப்பை ஏந்திச் சந்தையில் நின்றதற்கு ஈடான காட்சி எந்தத் தேவதைக் கதைத் தொகுப்பிலும் எளிதில் கிட்டாது.

நிபந்தனை விதிப்பவன் வாலப்பகடை என்பதும் கருதத்தக்கது. ஐரோப்பிய மாயக்கதைகளில் மணமகனுக்குச் சோதனை வைக்கும் உரிமை அரசனுடையது. அரக்கனைக் கொல், கண்ணாடி மலையில் ஏறு என்று அவன் ஆணையிடுவான். அந்த உரிமையை இக்கதை தோல் தொழிலாளி ஒருவனின் கையில் வைக்கிறது. தன் பெண்ணைக் கேட்டு வந்த உயர்சாதியானைக் கண்டு அவன் மகிழ்ந்துபோகவில்லை, நம்பவுமில்லை. நீ எங்களில் ஒருவனாவாயா என்று கேட்கிறான். சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு அடியவர்கள் செருப்பையே காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகின்றனர். அச்செருப்புகளைத் தெய்வம் அணிந்து நடப்பதால் அவை தேய்கின்றன என்பது நம்பிக்கை. கோயில் வாசலில் கழற்றிவிட்டுச் செல்லும் பொருள் அங்கே சன்னிதிக்குள் தொங்குகிறது.

பின்வந்த பாடத்தின் அச்சம்

இக்கதையின் பாட வரலாற்றில் ஒரு முறிவு உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடைக்குப் பிறந்தவர்கள் அல்லர்; பிராமணக் குலத்தில் பிறந்து காட்டில் கைவிடப்பட்டு, அவனால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் பாடம் வழக்கில் உள்ளது. இது பிற்காலத்தில் ஏற்றப்பட்டது என்பது நா. வானமாமலையின் முடிவு. வழிபாடு மேல்சாதியாரிடையே பரவியபோது, சாதி கடந்த மணத்தை ஏற்க இயலாதோர் கதையை இவ்வாறு திருத்தினர் என்று அவர் கருதினார். அத்திருத்தத்தின்படி பட்டன் மணந்தது தன் குலப் பெண்களையே. அவன் அறுத்த குடுமியும் களைந்த பூணூலும் தைத்த செருப்பும், உண்மை தெரியாமல் செய்த வீண் செயல்களாகிவிடுகின்றன.

திருத்தியவர்கள் கதையின் எந்த நிகழ்ச்சியையும் நீக்கவில்லை. அவர்களின் திறமை அதில்தான் உள்ளது. நிகழ்ச்சிகளை நீக்கியிருந்தால் பாட்டு அறிந்த கேட்போர் கேள்வி எழுப்பியிருப்பர். முன்னால் ஒரு பிறப்புக் கதையை மட்டும் சேர்த்தனர். பின்னால் உள்ள அனைத்தும் தாமாகப் பொருள் மாறின. கந்தபுராண வள்ளிக்கு நிகழ்ந்ததும் இதுவே. மதுரை வீரன் கதையில் வீரன் காசியரசன் மகனாகப் பிறந்து, தீக்குறியால் காட்டில் விடப்பட்டு, சக்கிலியத் தம்பதியரால் வளர்க்கப்பட்டான் என்று வருவதும் இதன் இனமே. 1956இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் வந்த 'மதுரை வீரன்' திரைப்படம் அந்த அரச பிறப்பைத் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது. ஒடுக்கப்பட்டோர் தம் தெய்வமாகக் கொண்டாடும் வீரனின் குருதி மட்டும் வேறிடத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

மறுகூறல் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் ஓர் எடுகோள் இங்கே நிலைகுலைகிறது. பழைய கதை பிற்போக்கானது, தற்கால எழுத்தாளர் அதைத் திருத்தி விடுதலை செய்கிறார் என்னும் வரிசை பெரோவிலிருந்து லெவீன் வரையிலான பாதைக்குப் பொருந்தலாம். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வரிசை தலைகீழானது. துணிந்து சொன்னது முந்தைய பாடம். அஞ்சியது பிந்தைய பாடம். ஆகவே 'மறுகூறல்' என்ற சொல்லுக்குத் தன்னளவில் எந்தப் பெருமையும் இல்லை. யார், எவர் முன், எதைக் காத்துக்கொள்ள மறுபடியும் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அது மதிப்புப் பெறும்.

வானமாமலை 1974இல் பதிப்பித்த 'ஐவர் ராஜாக்கள் கதை' வள்ளியூரையே களமாகக் கொண்டது. வள்ளியூர்க் கோட்டையில் ஆளும் குலசேகர பாண்டியன்மீது கன்னடிய அரசன் மகள் காதல் கொள்கிறாள். மணத்தொடர்பைப் பாண்டியர் ஏற்க மறுக்கின்றனர். முற்றுகையும் மன்னன் சாவும் தொடர்கின்றன. இளவரசி அவனோடு தீப்புகுகிறாள். இளவரசியாகப் பிறந்திருந்தும் 'நம்மவள் அல்லள்' என்பதால் விலக்கப்பட்டவள் இவள். இக்கதையை வெறும் வீரகாவியமாகக் கொள்வது குறைவான வாசிப்பு. குலம் பார்த்து மறுத்த ஒரு சொல்லுக்கு ஒரு கோட்டை விலையாயிற்று என்பதும் அதனுள் இருக்கிறது.

இளையோர் என்னும் வாசகர்

இவ்வினாக்கள் ஆய்வரங்கோடு நில்லாமைக்குக் காரணம் உண்டு. வானமாமலை பிறந்த, வள்ளியூருக்கு அருகிலுள்ள அதே நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பிறப்பை உடம்பின்மேல் எழுதிக்கொள்ளும் வயது அது என்பதை அறிக்கை உணர்ந்திருக்கிறது. இளையோர் நூல்களின் வாசகரும் அதே வயதினர். வெட்டியவரும் வெட்டுண்டவரும் ஒரே பாடநூலைப் படித்தவர்கள். கடைசிப் பக்கத்தில் 'அவள் உண்மையில் இளவரசி' என்று முடியும் கதை அவ்வாசகர்க்கு எதைச் சொல்கிறது? மதிக்கத் தக்கவர் எவரும் மதிக்கத் தக்க இடத்தில்தான் பிறந்திருப்பார் என்பதை. அமெரிக்க வாசகர்க்கு அது ஓர் இன்பமான திருப்பமாக இருக்கலாம். இங்கே அது கயிற்றுக்குச் சார்பான வாதம்.

தமிழில் சிறுவர்க்கான எழுத்து அண்மைக் காலத்தில் அழுத்தமான பொருள்களைத் தொட்டுள்ளது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பேசும் மரப்பாச்சி என்னும் மாயக்கதை உத்தியைக் கொண்டே சிறார்மீதான பாலியல் சீண்டலைப் பேசியது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கோவில்பட்டியைச் சேர்ந்த உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை இளம் வாசகர்முன் கொண்டுவந்து 2023இல் அவ்விருதைப் பெற்றது. மாயம் என்பது உண்மையிலிருந்து தப்பும் வழியாக மட்டுமன்றி, உண்மைக்குள் நுழையும் வழியாகவும் தமிழில் இயங்க முடியும் என்பதற்கு இவை சான்று. கி. ராஜநாராயணன் கரிசல் நிலத்தில் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளும் எழுதுவோர் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. குறை மூலப்பொருளில் இல்லை.

தீயும் குரலும்

அப்படியாயின் முத்துப்பட்டன் கதையின் முந்தைய பாடத்தை எடுத்து, எளிய உரைநடையில் எழுதி, இளையோர் கையில் கொடுத்துவிடலாமா? அது போதாது. அக்கதைக்குள் இளைய வாசகர், குறிப்பாகப் பெண் வாசகர், இடறி நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, தீ. சகோதரியர் தீப்பாய்தலே அவர்களைத் தெய்வமாக்குகிறது. வில்லுப்பாட்டில் அதுவே உச்சம். தெய்வமேறி ஆடுவோர் சூழ, கொடையின் நடுவே பாடப்படும்போது அச்சாவு ஊரார் சேர்ந்து சுமக்கும் துயரமாகிறது. அநியாயமாக மாண்டோரை ஊர் மறக்கவில்லை என்னும் உறுதி அதில் உண்டு. அதே காட்சி அச்சில், தனியே அமர்ந்து படிக்கும் பதினாறு வயதுப் பெண்ணின் கையில், உடன்கட்டையின் புகழ்ச்சியாக மட்டும் எஞ்சக்கூடும். நிகழ்த்துமுறை தாங்கிய பொருளை ஏடு தானாகத் தாங்காது. தீக்காட்சியை வெட்டிவிட்டு மகிழ்ச்சியான முடிவு தருவதும் தீர்வாகாது. கொல்லப்பட்ட காதலை வாழ்ந்ததாகக் காட்டுவது, பிறப்பைத் திருத்தியவர்கள் செய்ததற்கு உறவான இன்னொரு திருத்தமே. எழுதுபவர் தீயை வைத்துக்கொண்டே அதன் புகழைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருக்கும். கடினமான பணி, தெய்வமாக வழிபடுவோரின் உணர்வும் அதில் கலந்திருப்பதால் இன்னும் கடினம்.

இரண்டாவது, பெண்களின் விருப்பம். பட்டன் விரும்புகிறான், வாலப்பகடை நிபந்தனை விதிக்கிறான், பட்டன் நிறைவேற்றுகிறான். பேரம் ஆண்கள் இருவருக்கிடையில் நிகழ்கிறது. காட்டில் அறியாத ஆடவனைக் கண்டு அஞ்சி ஓடிய பெண்களின் மனம் எப்போது, எதனால் மாறியது என்பது பாட்டின் அக்கறைக்குள் வரவில்லை. சாதியை இவ்வளவு நுட்பமாகக் கேள்வி கேட்ட கதை, இதைக் கேட்காமலேயே விட்டுவிட்டது. லெவீனின் எல்லா சொன்ன மறுப்புக்கு இணையான ஒரு சொல் பொம்மக்காவிடம் இல்லை. ஏற்புச் சொல்லும் இல்லை. மேலைநாட்டு மறுகூறல்களிடம் கற்க வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்வார் உளரேல், இந்த இடத்தில் அவர் வாதம் நில்லாது. பெண்ணின் வாயிலிருந்து 'மாட்டேன்' என்னும் சொல்லை வரவழைக்க அந்நூல்கள் பட்ட பாடு வீணன்று. அவை பிறப்பிடம் தோற்றன; இப்பாட்டு பெண்ணின் குரலிடம் தோற்றது.

சகோதரியர் இருவர், மணமகன் ஒருவன் என்னும் அமைப்பும் இன்றைய எழுத்தாளரை நெருக்கும். ஒருத்தியாகச் சுருக்கிவிடத் தோன்றும். அது எளிய வழி. ஆனால் இருவர் என்பதால்தான் அவர்களுக்குள் ஓர் உரையாடல் சாத்தியமாகிறது. தந்தை நிபந்தனை விதித்துவிட்டு வீடு திரும்பிய இரவில் அவ்விருவரும் என்ன பேசியிருப்பர்? சந்தையில் அவன் செருப்போடு நின்றதைக் கேள்விப்பட்டபோது ஒருத்தி நகைத்து மற்றொருத்தி அழுதிருக்கக் கூடாதா? இருவரில் ஒருத்திக்கு விருப்பம் இல்லாதிருந்தால்? கதைப்பாடல் இவ்விடங்களைத் திறந்தே விட்டிருக்கிறது. பிற்காலத் திருத்தம் கதைக்கு முன்னால் ஒரு பிறப்பைச் சேர்த்து அதைச் சுருக்கியது. இடையில் ஓர் உரையாடலைச் சேர்ப்பவர், எந்த நிகழ்ச்சியையும் நீக்காமலே, அதை விரிக்க முடியும்.

அதற்கான தொடக்கமும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பட்டன் அப்பெண்களை முதலில் காணவில்லை. அவர்கள் பாடுவதைத்தான் கேட்கிறான். அவன் வருமுன்பே காட்டில் அந்தப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் தமக்காகப் பாடிக்கொண்டிருந்தனர்.